வேர்க்கடலைக்கு ஒரு துப்பாக்கி

கதைகளில் நான் இதுவரை ஏழு பேரைச் சுட்டுக் கொன்றிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. தொடர்கதை என்று எழுத உட்கார்ந்துவிட்டால் எங்கேயாவது ஓர் அத்தியாயத்தின் முடிவில் 'டுமீல்' என்ற சத்தம் கேட்டுத்தான் தீர வேண்டியிருக்கிறது; பத்திரிகாசிரியர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் நிஜத் துப்பாக்கியை ஐம்பது வயது வரையில் நான் கையால் தொட்டதில்லை. அந்த லட்சணத்தில் ஒரு கதையில் ஜமீன்தார் ஒருவரை இரட்டைக்குழல் துப்பாக்கியால் மூன்று முறை சுட வைத்துவிட்டேன். நடுவில் அவர் தோட்டா மாற்றவில்லை. மதுரையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டார்: "இரண்டு குண்டுகள் துப்பாக்கியிலிருந்து வந்தன. மூன்றாவது தங்கள் பேனாவிலிருந்து புறப்பட்டதா?"

அந்தக் கார்டை என் மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, உள்ளே போய் மர அலமாரியைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றியிருந்த நீளமான சாமானை எடுத்து வந்தார். அதை நடுவில் மடித்துத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று முதலில் தாம் பார்த்துவிட்டு, பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு குழல்களின் வழியாகவும் வாசல் வெளிச்சம் இரண்டு வெள்ளி ரூபாய்களைப் போல் தெரிந்தது.

"ரெண்டு ஓட்டை, ரெண்டு தோட்டா. மூணாவதுக்கு எங்கேடா இடம்?" என்றார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றியும், அதன் பொருட்டு நாங்கள் இருவரும் டெலிபோனோடு கழித்த சில வாரங்களைப் பற்றியுமே இங்கே சொல்ல வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் சாலையில், ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது மாமாவின் ஊர். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சாலையின் இரு புறமும் மைல் கணக்கில் மதில்கள். மதிலுக்குள் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று எதையாவது செய்துகொண்டிருக்கிறார்கள். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீளமான லாரிகள் மூலை திரும்ப முடியாமல் மூச்சு வாங்கி நிற்கின்றன. ஷிப்டு மாறும் நேரத்தில் வெள்ளை பஸ்கள் வரிசையாக வந்து, நீலச் சட்டைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேறு நீலச் சட்டைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. ராத்திரி என்று ஒன்று அங்கே வருவதில்லை. வானம் விடிய விடிய ஆரஞ்சு நிறத்தில் கிடக்கிறது.

என் சிறு வயதில் அங்கே ராத்திரி வந்தது. அழுத்தமான, கம்பளி மாதிரி ராத்திரி. ஏரிக்கரையைத் தாண்டினால் புதர்க்காடு. அதற்கு இந்தப் பக்கம் மாமாவின் வேர்க்கடலைக் கொல்லை. கடலை பால் பிடிக்கும் சமயத்தில் பன்றிகள் இறங்கும். ஒரே ராத்திரியில் அரைக் காணியை உழுதுவிட்டுப் போய்விடும். அதுவும் நம் ஏரைவிட ஆழமாக. அதற்காகத்தான் மாமாவின் தகப்பனார் 1951-ல் சென்னைக்குப் போய், மவுண்ட் ரோடில் பி. ஆர் அண்டு சன்ஸ் கடையில் அந்தப் பன்னிரண்டு போர் துப்பாக்கியை வாங்கி வந்தார். இன்று கடிகாரத்துக்குப் பெயர் போன அந்தக் கடையில் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். 'பன்னிரண்டு போர்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல்தான் ஏழு பேரைக் கொன்றேன். குழலின் வாய்க்குச் சரியாக அடங்கும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டைச் சேர்த்தால் ஒரு ராத்தல் நிற்கும். அந்தக் கணக்குத்தான் அது.

கிழவர் காலமான பிறகு லைசென்ஸ் மாமாவின் பெயருக்கு மாறியது. மாமா எத்தனை பன்றி சுட்டார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு என்பார் ஒரு நாள். மூன்று என்பார் இன்னொரு நாள். 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவர் வானத்தை நோக்கித்தான் சுட்டார். அந்தச் சத்தமே போதுமாயிருந்தது. "பன்னிக்குச் சட்டம் தெரியாதில்ல, அதனால பயப்படும்" என்பார்.

துப்பாக்கி வைத்துக்கொள்வது நம் நாட்டில் உரிமை அல்ல, அனுமதி. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டு வந்த சட்டம் இந்தியனை மட்டும் அனுமதிச் சீட்டு கேட்டது, வெள்ளைக்காரனை விட்டுவிட்டது. அந்த அவமானம் நம் தலைவர்களை வெகுகாலம் உறுத்திக்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய சட்டம் எழுதினார்கள்; 1962 அக்டோபரிலிருந்து அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் குடியானவனுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் இன்னும் நல்ல துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். டில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதிய யாரோ ஒருவர், ராத்திரி கொல்லையில் பன்றி இறங்கும் சத்தத்தைத் தம் வாழ்நாளில் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

லைசென்ஸை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். (2019-ல் அதை ஐந்து வருஷமாக்கி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள்.) மாமாவுக்கு அந்த நாள் ஒரு திருவிழா. காஞ்சிபுரத்துக்கு விடியற்காலை பஸ். முதலில் வரதராஜர் தரிசனம், பிறகு இட்லி, பிறகு துப்பாக்கி. குமாஸ்தா அவரைப் பார்த்ததும் "என்ன, கடலை எப்படி?" என்று கேட்பாராம். குமாஸ்தாக்கள் மாறினார்கள், ஓய்வு பெற்றார்கள். அந்தக் கேள்வி மட்டும் நாற்காலியோடு சேர்ந்தது போல ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போயிற்று. எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதன் துப்பாக்கியை எதற்காக வைத்திருக்கிறான் என்பதைச் சர்க்கார் அவ்வாறு விசாரித்து வந்தது. நல்ல விசாரணைதான்.

பிறகு கடலை போயிற்று. 2000-க்குப் பிறகு தொழிற்பேட்டைக்காக நிலம் எடுத்தபோது மாமாவின் கொல்லையும் அதில் சேர்ந்தது. பணம் வந்தது, பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு அறைகள் கட்டி ஆலைத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டார். குறை ஒன்றும் சொல்ல மாட்டார். கொல்லை இருந்த இடத்தில் இப்போது ஓர் ஆலையின் வண்டிகள் நிற்கின்றன. எப்போதாவது அந்தப் பக்கம் போனால், "அதோ அந்த மூணாவது லாரி நிக்குதே, அங்கதான் கிணறு" என்று காட்டுவார். அவ்வளவுதான்.

துப்பாக்கி அலமாரியில் இருந்தது. தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். முடிவு வெளியான பின் போய் எடுத்து வருவார். அதைத் தவிர அதற்கு வெளியூர்ப் பிரயாணம் கிடையாது.

இந்த நிலையில் சர்க்கார், நாட்டிலுள்ள எல்லாத் துப்பாக்கி லைசென்ஸுகளையும் ஒரே தொகுப்பாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுக்கத் தீர்மானித்தது. எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. கெடு வைத்தார்கள், நீட்டினார்கள், மறுபடி வைத்தார்கள். இந்த ஏற்பாட்டை நான் குறை கூற மாட்டேன். எந்த வீட்டில் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாத தேசத்தில் குடியிருக்க எனக்கு விருப்பமில்லை. மாமாவுக்கும் விருப்பமில்லை. காகிதங்களை எல்லாம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு வந்தார். எண் மட்டும் வரவில்லை.

2020 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது.

"உதவிக்கு ஒரு டெலிபோன் நம்பர் இருக்காம். நான் பேசினா அவங்களுக்குப் புரியல. அவங்க பேசினா எனக்குக் கேக்கல. நீ கதை எழுதறவன். பேசிப் பாரு."

கதை எழுதுகிறவனுக்குப் பேச வரும் என்று உலகம் நம்புகிறது. அந்த உதவி எண் எந்த ஊரில், எந்தக் காரியாலயத்தில் ஒலித்தது என்று சொல்லப் போவதில்லை. செல்போனைத் திண்ணையில் வைத்து ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டோம். வீணை இசை வந்தது. பதினோரு நிமிஷம் வீணை. பிறகு ஓர் இளைஞன்.

கேள்விகள் படிவத்தில் இருந்த வரிசையில் வந்தன. பெயர், தகப்பனார் பெயர், லைசென்ஸ் எண், துப்பாக்கியின் எண், துப்பாக்கியின் வகை. பிறகு, "எதற்காக சார் வைத்திருக்கிறீர்கள்?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். காஞ்சிபுரத்துக் குமாஸ்தா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. 1951-லிருந்து ஆரம்பித்தார். பன்றி, புதர்க்காடு, பரண், தகப்பனார், கிணறு, நிலம் எடுத்த கதை. முழுதாக ஒரு கால் மணி. அந்தப் பையன் நடுவில் நாலைந்து முறை "சார்... சார்..." என்றான். கடைசியில் களைத்துப் போய், "எந்த மாவட்டம் சார்?" என்றான்.

"செங்கல்பட்டு ஜில்லா."

சிறிது நேரம் தட்டும் சத்தம். "அந்த மாவட்டத்துல உங்க பெயர் இல்லையே, சார்." இணைப்புப் போய்விட்டது.

மறுநாள் வேறு குரல். அதற்கடுத்த நாள் வேறு. நேற்றுப் பேசியதெல்லாம் இன்று பேசுகிறவருக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு குரல் அவசரப்பட்டது: "சார், பயிர்ப் பாதுகாப்பா, தற்காப்பா, விளையாட்டா? மூணுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க." ஒரு குரல் ஹிந்தியில் ஆரம்பித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இன்னொருவரிடம் மாற்றியது. அந்த இன்னொருவர் வரவே இல்லை, வீணைதான் வந்தது. யாரும் மரியாதை தவறிப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருமே கடைசியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டார்கள்.

நான் வேறொன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் மாமாவின் கதை குறுகிக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் தகப்பனார் விழுந்துவிட்டார். மூன்றாம் நாள் பரணும் கிணறும் இல்லை. ஐந்தாம் நாள், "பன்னிக்கு வச்சிருந்தோம், இப்ப நிலம் இல்லை" என்று நிறுத்திக்கொண்டார். என் தொழிலில் இதைச் சுருக்கி எழுதுவது என்போம், மெச்சுவார்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது அப்படிப் படவில்லை.

"தற்காப்புன்னு சொல்லிடுங்களேன் மாமா" என்றேன், எரிச்சலோடு.

"யார்கிட்டேருந்து?" என்றார். "வாடகைக்கு இருக்கற பசங்ககிட்டேருந்தா? அதுங்க எனக்கு மாத்திரை வாங்கிட்டு வருதுங்க. பொய் சொல்லி வச்சுக்கறதுக்கு இதை நான் குடுத்துடலாம்."

கொடுத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதைக் கொடுத்த பிறகு, அந்தக் கொல்லை இருந்ததற்கு அவரிடம் வேறு சாட்சி இருக்காது என்பதும் தெரியும். பத்திரம் போயிற்று, கிணறு போயிற்று, பன்றி போயிற்று. நான் அதற்கு மேல் பேசவில்லை.

ஆறு அறைகளில் ஒன்றில் குடியிருந்தார் ஒரு ஹவில்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்தத் துப்பாக்கியோடு ஒரு பாதுகாப்புக் கம்பெனியில் சேர்ந்து, ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவல் போகிறவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கும் எண் வரவில்லை. மாமாவுக்கு அது மனத்தாங்கல். ஹவில்தாருக்கு அது சோறு. எண் வருகிற வரையில் துப்பாக்கியைத் தூக்காதே என்று சொல்லி, ஓர் ஆலை வாசலில் கழியோடு நிறுத்திவிட்டார்கள், சம்பளம் குறைந்துவிட்டது. காகிதத்தில் அவருடைய பிறந்த தேதி ஓரிடத்தில் ஒரு மாதிரி, மற்றோரிடத்தில் வேறு மாதிரி இருந்ததாம். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். கூப்பிட்ட நாள், மணி, பேசியவர் பெயர், அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதியிருந்தார். நாற்பத்தொரு அழைப்புகள்.

"முதல்ல பேரைக் கேட்டுக்கணும் சார்" என்று எனக்குப் பாடம் சொன்னார். "பேர் கேட்டுட்டா, அந்தப் பக்கம் இருக்கறவர் கொஞ்சம் நின்னு பேசுவார். நமக்கும் கோபம் வராது. பேர் தெரிஞ்ச ஆள்கிட்ட எப்படிக் கத்தறது?"

அவர் சொன்னதை நினைத்தபோது எனக்கு இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒருத்தி என் தமையன் பெண். சில வருஷங்கள் இப்படிப்பட்ட டெலிபோன் வேலையில் இருந்தவள். ஓர் அழைப்புக்குச் சராசரி எத்தனை நிமிஷம் எடுத்துக்கொள்கிறாள் என்று அவள் தலைக்கு மேல் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்குமாம். அழுகிறவரைச் சமாதானம் செய்தால் சராசரி கெட்டுவிடும். "சித்தப்பா, ரொம்ப நல்லவளா இருந்தா இன்கிரிமென்ட் கிடையாது" என்றாள்.

மற்றவர் கனடாவில் இருக்கும் என் நண்பர். அங்கே மான் வேட்டைக்காரர்கள் அதிகம். 1995-ல் சட்டம் செய்து, 1998 டிசம்பரிலிருந்து வீட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் பதிவு செய்யத் தொடங்கினார்கள். காகிதங்களைப் பரிசீலிக்கும் மையக் காரியாலயம் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிரமிஷி என்ற சிற்றூரில். வரவு போக நிகரச் செலவு இருபது லட்சம் டாலர் ஆகும் என்று ஆரம்பத்தில் சொன்னது, நூறு கோடி டாலரைத் தாண்டப் போகிறது என்று 2002-ல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்தார். கடைசியில் 2012-ல் நீளத் துப்பாக்கிகளின் பதிவைக் கைவிட்டார்கள். பணம் போனது பெரிதல்ல, வரிசையில் காத்திருந்து காத்திருந்து ஒருவரை ஒருவர் வெறுக்கக் கற்றுக்கொண்டோம் என்று நண்பர் எழுதியிருந்தார். துப்பாக்கி வைத்திருப்பவன் மனத்தில் 'என்னைத் திருடனாக நினைக்கிறார்கள்' என்ற சந்தேகம். டெலிபோனில் இருப்பவர் மனத்தில் 'இவன் துப்பாக்கிக்காரன்' என்ற நினைப்பு. நல்ல வேளை, மாமாவைப் பற்றி யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அவர் பேசியதெல்லாம் வேர்க்கடலையைப் பற்றி.

எட்டாவது அழைப்பிலோ ஒன்பதாவதிலோ அந்தப் பெண் வந்தாள். சாயங்கால வேளை. குரலில் ஜலதோஷம். பெயர், தகப்பனார் பெயர், எண், வகை. பிறகு அதே கேள்வி.

"நிலம் இல்லைம்மா" என்றார் மாமா. இப்போது கதை இவ்வளவுதான்.

அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. "என்ன ஐயா ஆச்சு நிலத்துக்கு?" என்று கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு செல்போனைப் பார்த்தார். மெதுவாக ஆரம்பித்தார். தகப்பனார் வந்தார், பரண் வந்தது, கிணறு வந்தது, அந்தக் கிணற்றில் என் அம்மா சிறுமியாக இருந்தபோது விழுந்து பிழைத்த கதை கூட வந்தது. அது எனக்கே புதிது. அவள் நடுவில் ஒரு முறை தும்மினாள். ஒரு முறை "ஐயோ" என்றாள். அவளுடைய சராசரி அன்று என்ன கதி ஆயிற்றோ!

"கொல்லை இப்ப எந்த ஊர் எல்லைல ஐயா வருது?" என்றாள். மாமா ஒரகடத்துப் பக்கம் என்றார்.

"எந்த மாவட்டம்னு சொல்லிட்டிருந்தீங்க?"

"செங்கல்பட்டு ஜில்லா."

"ஐயா, நீங்க சொல்ற செங்கல்பட்டு பழசா, புதுசா?"

எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவருடைய பழுப்பேறிய லைசென்ஸ் புத்தகத்தில் 'செங்கல்பட்டு ஜில்லா' என்றுதான் அச்சாகியிருந்தது. அந்த ஜில்லாவுக்கு முன்பு சைதாப்பேட்டை தலைநகரம், 1968-லிருந்து காஞ்சிபுரம். 1997-ல் அதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாக்கினார்கள். செங்கல்பட்டு என்ற பெயரே மாவட்டப் பட்டியலிலிருந்து மறைந்தது. பிறகு 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு என்று புது மாவட்டம் உண்டாக்கினார்கள். அதற்கு வயது இரண்டே மாதம். ஒரகடம் அதில் இல்லை. மாமா தம் பால்ய காலத்து ஜில்லாவைச் சொல்ல, கேட்டவர்கள் எல்லாம் நேற்றுப் பிறந்த மாவட்டத்தில் அவரைத் தேடியிருக்கிறார்கள். யார் மேல் குற்றம்? நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதிலும் செங்கல்பட்டு ஜில்லா என்பது சரியாகத்தான் விழுந்தது.

காஞ்சிபுரத்தில் அவர் இருந்தார். பத்திரமாக இருந்தார். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: எதற்காக என்ற கட்டம். புத்தகத்தில் அந்த இடத்து மை வெளிறிப்போயிருந்ததால் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

"பயிர்ப் பாதுகாப்புன்னு போட்டுடவா, ஐயா?"

"பயிர் இல்லையேம்மா. பொய்யாயிடுமே."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "வீட்டுக்குப் பின்னால ஒண்ணுமே வைக்கலையா?"

"நாலு பாத்தி கத்தரி இருக்கு. ஒரு முருங்கை."

"அதுவும் பயிர்தானே, ஐயா."

மாமா சிரித்தார். மதுரை வாசகரின் கார்டுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவதாகவும், எழுதி இருந்ததைத்தான் பதிவு செய்யச் சொல்கிறாள், புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்றும் அவள் விளக்கினாள். எண் மார்ச் முதல் வாரம் வந்தது, நீளமான எண். ஹவில்தாருக்கு மட்டும் இன்னும் வெகு நாள் ஆயிற்று. வேலூருக்கு மூன்று நடை நடந்து, பிறந்த தேதியைச் சரி செய்துகொண்டு, வீட்டோடு அடைந்து கிடந்த அந்தக் கோடைக்குப் பிறகுதான் அவர் மறுபடி வண்டியேறினார்.

இந்த ஜில்லாவில் துப்பாக்கி விஷயமாகச் சர்க்காரிடம் போய்ப் பேசியவர்கள் என்று பார்த்தால், வேடந்தாங்கல் குடியானவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏரிக்கு வரும் பறவைகளைக் கம்பெனிச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அவர்களுக்கும் காரணம் பயிர்தான். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு எரு. கலெக்டர் லயனல் பிளேஸ் காது கொடுத்துக் கேட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்குப் படிவம் எதுவும் இருந்திருக்காது. கேட்பதற்கு நேரம் இருந்திருக்கும்.

மாமா அந்த வருஷம் ஆடியில் ஒரு காரியம் செய்தார். கத்தரிப் பாத்திகளுக்குப் பக்கத்தில், வாடகை அறைகளின் பின்சுவர் வரைக்கும் கொத்தி, இரண்டு சென்டு இருக்கும், வேர்க்கடலை விதைத்தார். சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாதாம். ஆலைப் பையன்கள் ஷிப்டு முடிந்து வந்து தண்ணீர் ஊற்றினார்கள். பன்றி வரவில்லை, அணிலும் எலியும் வந்தன. அவற்றுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. ஐப்பசியில் பிடுங்கினபோது ஒரு சிறு மூட்டை தேறிற்று.

அதில் பாதியை ஒரு மஞ்சள் பையில் கட்டி என்னிடம் கொடுத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட சேத்துடு."

"எந்தப் பொண்ணு மாமா? பேர் என்ன?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹவில்தார் அத்தனை சொல்லியும், அன்று சாயங்காலம் பெயர் கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆனாலும் வீட்டுக்கு வந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். வீணை. பிறகு ஓர் ஆண் குரல், சிறு வயசு. லைசென்ஸ் எண் கேட்டது. என்னிடம் லைசென்ஸ் இல்லை என்றேன். துப்பாக்கி? அதுவும் இல்லை. புகார் ஏதாவது? இல்லை.

"அப்படியானால் எதற்காக சார் கூப்பிட்டீர்கள்?" என்றான், மிகவும் மரியாதையாக.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் ஜலதோஷத்தோடு பேசிய பெண் ஒருத்தி என்று ஆரம்பித்தேன். "சார்... சார்..." என்றான். நான் அவன் பெயரைக் கேட்டேன். சொன்னான். என் பெயரைச் சொல்லி, பரவாயில்லை தம்பி, வைத்துவிடு என்றேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவன் வைத்தான்.

கடலையை அன்று ராத்திரி உப்புப் போட்டு வேக வைத்தாள் என் மனைவி. மண் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனாலும் நல்ல கடலை.